நீர்வழிச் செலவு

மக்கள் ஓரிடம் விட்டு மற்றோரிடம் பெயர்தற்கு நிலம், நீர், வான் என மூவகை வழிகள் உள. அவற்றுள் நிலவழியும் வான்வழியும் நாடோறும் பெருகி வருகின்றன. நீர்வழியோ கடல் கடக்கும் பெருங்கப்பல்களோடு நின்றுவிட்டது. ஆறுகளிலும் கால்வாய்களிலும் படகூர்ந்து செல்லும் வழக்கம் தமிழ்நாட்டில் பெரிதும் அருகிவிட்டது. 'செலவு' என்பது பழந்தமிழில் பயணத்தைக் குறித்த சொல்லாகும். இன்று அச்சொல்லைக் கேட்பார்க்குக் கைப்பொருள் கரைவதே நினைவிற்கு வருகின்றது. நீர்வழிச் செலவைப் பற்றிப் பேசத் தொடங்கின், அறிந்தோரும் இப்பிற்பொருளையே எண்ணி அஞ்சுகின்றனர். அவ்வச்சம் வேண்டுவதின்று என்பதும், சென்னை மாநகரை ஊடறுத்துச் செல்லும் பக்கிங்காம் கால்வாய் மீண்டும் படகோடும் வழியாதல் வேண்டும் என்பதும் என் கருத்தாகும். அதனை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

வைகைக் கரையில் வாழும் நமக்கு இக்கால்வாயோடு யாது தொடர்பு என்று கேட்பார் உளர். தமிழ் பயில்வார்க்கு அதன் விடை எளிது. ஓடம், தோணி, படகு, அம்பி, பஃறி, திமில், புணை, தெப்பம், பரிசில் என நீரூர்திகளுக்கு நம் மொழியில் எத்தனை பெயர்கள்! ஊர்தி பலவாதலின் பெயரும் பலவாயின. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் வைகையைக் கடந்து மதுரையின் புறஞ்சேரியை அடைந்த செய்தியைக் கூறுமிடத்து, குதிரைமுகமும் யானைமுகமும் அரிமாமுகமும் உடைய அம்பிகள் நின்ற பெருந்துறையை இளங்கோவடிகள் காட்டுகின்றார். அவர்கள் அத்துறையின்பாற் செல்லாது மரப்புணையேறித் தென்கரை சேர்ந்தனர். தல்லாகுளம் அமைந்த இவ்வடகரையில் நின்று இன்று அவ்வாற்றை நோக்குவார்க்கு, ஆண்டின் பெரும்பகுதியில் மணலும் புதரும் கழிவுநீருமே காட்சியளிக்கின்றன. பட்டினப்பாலையோ, உப்பை விற்று நெல்லைப் பெற்று மீண்ட பஃறிகள், நிலையிற் கட்டிய குதிரைகளைப்போலக் கழிக்கரையிற் கட்டப்பெற்றிருந்தமையைக் கூறுகின்றது. உள்நாட்டு நீர்வழி வாணிகத்திற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? பஃறியின் பொருளை நாம் உரைநூலைப் புரட்டித்தான் அறிகின்றோம். பொருள் மறைந்தபின் சொல் மட்டும் எத்துணைக் காலம் உயிர்த்திருக்கும்?

இனிப் பக்கிங்காம் கால்வாயின் வரலாற்றைக் காண்போம். 1806-ஆம் ஆண்டில் சென்னைக்கு வடக்கே எண்ணூர் வரை ஏறத்தாழப் பதினொரு மைல் நீளத்திற்கு இதன் முதற்பகுதி வெட்டப்பெற்றது. அந்நாளில் அதனைக் காக்ரேன் கால்வாய் என வழங்கினர். பின்னர் அது பழவேற்காடு ஏரிவரை நீண்டது. 1837-இல் அரசாங்கத்தார் அதனைத் தாமே ஏற்றனர். காலப்போக்கில் வடக்கே ஆந்திர நாட்டுப் பெத்த கஞ்சாமிலிருந்து தெற்கே மரக்காணம் வரை, கடற்கரையை ஒட்டியே 420 கிலோமீட்டர் நீளமுள்ள நீர்ப்பாதை அமைந்தது. அதில் 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டிலும் எஞ்சியது ஆந்திரத்திலும் உள்ளன. வடகோடியில் அது கிருஷ்ணை ஆற்றுப் பாசனக் கால்வாய்களோடு இணைந்தமையால், அவ்வாற்றுப்படுகை நெல் படகிலேயே சென்னை வந்துசேர வழி பிறந்தது.

சென்னை நகரினுள்ளே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டர்ப் பகுதி வெட்டப்பெற்ற காலத்தை நாம் மறத்தலாகாது. அது 1877, 1878-ஆம் ஆண்டுகள். தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டிய காலம். பசியால் நகரை நாடி வந்த ஏழை மக்களுக்கு நிவாரண வேலையாக இக்கால்வாய் வெட்டும் பணி தரப்பட்டது. அப்பஞ்ச காலத்தில் மேலிடத்திலிருந்து வந்த ரிச்சர்டு டெம்பிள் என்பார், நிவாரண வேலை செய்யும் ஆடவர்க்கு நாளொன்றுக்கு ஒன்றரை ராத்தலாக இருந்த தானியத்தை ஒரு ராத்தலாகக் குறைத்தார் என்பது வரலாறு. எலும்பும் தோலுமாய் நின்றவர்கள் மண்வெட்டி பிடித்து இவ்வழியை வெட்டினர். கால்வாய்க்கோ அந்நாளைய சென்னை ஆளுநராகிய பக்கிங்காம் கோமகனின் பெயர் வாய்த்தது. வெட்டியவர் பெயரைச் சொல்ல ஒரு கல்லும் இல்லை. அவர்தம் உழைப்பிற்கு நாம் செய்யக்கூடிய நினைவுக்குறி ஒன்றுண்டு. அஃது அவர்கள் வெட்டிய வழியைச் சாக்கடையாக்காமற் காத்தலேயாகும்.

இக்கால்வாயில் விறகும் உப்பும் நெல்லும் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் ஏற்றிய படகுகள் இடையறாது இயங்கின. காற்று வாய்த்தபோது பாய் விரித்தனர். வாயாதபோது கரையில் நடந்து கயிற்றால் இழுத்தனர். பின்னின்று கோலால் ஊன்றித் தள்ளினர். 1934-இல் பாரதிதாசன் தம் நண்பர் குழாத்துடன் சென்னையிலிருந்து மாமல்லபுரத்திற்கு இக்கால்வாய் வழியே தோணியிற் சென்றார். அச்செலவே 'மாவலிபுரச் செலவு' என்னும் பாட்டாக மலர்ந்தது. அப்பாட்டில் மாலையின் வனப்பும் உண்டு. ஆயினும் கரையில் நின்று கயிறு இழுப்பானையும் பின்னின்று கோல் ஊன்றுவானையும் கண்டு கவிஞர் நெஞ்சம் நொந்த இடமே என் உள்ளத்திற் பதிந்தது. நீர்வழியைப் போற்றுவார் அவ்வழியில் உழைத்தாரின் முதுகையும் நோக்குதல் வேண்டும். பழைய நாளை முற்றும் பொற்காலம் என யான் கூற வரவில்லை. இன்று பொறியும் மின்கலமும் உள்ளன. மனிதன் கயிறு இழுக்க வேண்டுவதில்லை. அத்துன்பத்தை நீக்கும் கருவி வந்த காலத்தில் வழியையே கைவிட்டோம் என்பதுதான் வியப்பு.

கைவிட்ட வரலாறும் நெடியதன்று. இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் பெருகப் பெருகக் கால்வாய்ப் போக்குவரத்துத் தளர்ந்தது. 1965, 1966-ஆம் ஆண்டுகளிற் புயல்கள் தாக்கிக் கால்வாயைப் பெரிதும் சிதைத்தன. தூர்ந்த பகுதிகள் தூர்ந்தவாறே கிடந்தன. நகரம் தன் கழிவு முழுவதையும் அதனுள் விட்டது. பின்னர்க் கடற்கரை நிலையத்திலிருந்து 1995-இல் சேப்பாக்கத்திற்கும், 1997-இல் திருமயிலைக்கும் பறக்கும் இரயில் ஓடத் தொடங்கிற்று. அதன் தூண்களும் நிலையங்களும் கால்வாயின் மேலேயே எழுந்தமையால் நீரின் அகலம் சுருங்கிற்று. ஒரு வழிக்கு மற்றொரு வழியே பகையாயிற்று! 2008-இல் இக்கால்வாயையும் கோதாவரி, கிருஷ்ணை ஆற்றுப் பகுதிகளையும் சேர்த்து 1,078 கிலோமீட்டர் நீளமுள்ள நான்காம் தேசிய நீர்வழி எனச் சட்டம் வகுத்தனர். ஏட்டில் நீர்வழியான அது சென்னையில் இன்னும் நாற்றவழியாகவே இருக்கின்றது.

இங்ஙனம் கெட்ட கால்வாய் மீளுமோ என்று ஐயுறுவார்க்கு இங்கிலாந்து நல்லதோர் எடுத்துக்காட்டு. 1761-இல் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் திறக்கப்பெற்றபின் அந்நாடெங்கும் கால்வாய்கள் பெருகின. ஏழடிக்கும் சற்றுக் குறைந்த அகலமும் எழுபதடி வரை நீளமும் உடைய ஒடுங்கிய படகுகளிற் கரியும் மட்பாண்டமும் சென்றன. ஒரே குதிரை கரையில் நடந்து, வண்டியில் இழுப்பதினும் பன்மடங்கு பாரத்தை நீரில் இழுத்தது. இருப்புப்பாதை வந்தபின் அவையும் நம் கால்வாய்போலவே நலிந்தன. 1944-இல் ரோல்ட் என்னும் எழுத்தாளர், தாம் படகில் வாழ்ந்து திரிந்ததை ஒரு நூலாக எழுதினார். அந்நூலைப் படித்தவர் கூடி 1946-இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் கண்டனர். தொண்டர்கள் தம் விடுமுறை நாள்களிற் சேறு வாரினர், கதவணைகளைப் பழுதுபார்த்தனர். நெடுநாள் அடைபட்டுக் கிடந்த கென்னட்–ஏவன் கால்வாய் 1990-இல் அரசியாராலேயே மீண்டும் திறக்கப்பெற்றது. இன்று அக்கால்வாய்களில் மணிக்கு நான்கு மைலுக்கு மேற் படகைச் செலுத்தலாகாது என்பது விதி. விரைவே வாழ்வென்று கருதும் நாட்டார் அவ்விதிக்குட்பட்டு மகிழ்ந்து செல்கின்றனர். ஒரு நூலும் ஒரு சங்கமும் இத்துணை செய்யுமாயின், நூல் கற்பதையே தொழிலாகக் கொண்ட நாம் வாளாவிருத்தல் தகுமோ?

'இரயிலும் பேருந்தும் இருக்க மெல்லச் செல்லும் படகு எதற்கு?' என்பது சிலர் கேள்வி. விரைந்து செல்ல வேண்டிய மனிதர்க்கு அது வேண்டா என்பதை யானும் உடன்படுகின்றேன். ஆனால் மணலும் செங்கல்லும் விறகும் விரைந்து சென்று ஆவதென்ன? அவை சாலையை உடைத்துப் புழுதியெழுப்பிச் செல்வதினும் நீரில் மெல்லச் செல்லுதல் நன்று. மேலும் கால்வாய் போக்குவரத்திற்கு மட்டும் உரியதன்று; மழைநீரை வாங்கும் மடியும் அதுவே. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, பல இடங்களில் இக்கால்வாய் அலைநீரைத் தன்னுள் ஏற்று அப்பாலுள்ள ஊர்களுக்கு நேரவிருந்த கேட்டைக் குறைத்தது. தூர்ந்த நிலையிலேயே இவ்வுதவி செய்தது எனின், செவ்விய நிலையில் எவ்வளவு செய்யும்!

மற்றொரு தடை இதனினும் கடியது. அது கால்வாய்க் கரையிற் குடிசையிட்டு வாழும் ஏழை மக்களைப் பற்றியது. கால்வாயைத் திருத்துவோம் என்று புறப்படுவார் முதலில் அவர்களையே அகற்றுகின்றனர். நீர்நிலைக் கரைகளினின்று பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் பல நகரின் தென்கோடியிலுள்ள கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியேற்றப்பட்டன. தொழிலும் பள்ளியும் பழைய இடத்தில் இருக்க, வீடு மட்டும் தொலைவிற் சென்றது. ஊர்விட்டு ஊர் வந்து நீதி கேட்டவள் பெயரையே அந்நகர்க்குச் சூட்டியது பொருத்தமோ, நகையாடலோ, யான் அறியேன். கால்வாயைக் கெடுத்தது குடிசை மட்டுமன்று. மாடமாளிகைகளின் கழிவும் அதிலேயே கலக்கின்றது. ஆதலின் குடிசையைப் பெயர்த்துக் குழாயை விட்டுவைப்பது முறையன்று. பெயர்த்தே தீரவேண்டுமிடத்து, அவர்தம் தொழிலிடத்திற்கு அணித்தாகவே வீடு தருதல் வேண்டும். பஞ்சத்தில் வாடிய ஏழையைக் கொண்டு வெட்டிய கால்வாயை இன்றைய ஏழையை வருத்தித் திருத்துவதாயின், அத்திருத்தத்தை யான் வேண்டேன்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? என் சிற்றறிவிற்கு எட்டியவரை மூன்று கூறுவேன். முதலாவது, கழிவுநீர்க் குழாய்கள் கால்வாயில் விழாதவாறு தடுத்தல். இது செய்யாது சேறு வாருதல், ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புதலை ஒக்கும். இரண்டாவது, நகருக்குத் தெற்கே முட்டுக்காடு முதல் மாமல்லபுரம் வரையுள்ள பகுதியில், பாரதிதாசன் சென்ற அவ்வழியிலேயே, பொதுமக்கள் ஏறத்தக்க குறைந்த கட்டணத்திற் படகு விடுதல். முட்டுக்காட்டில் இன்று படகுத்துறை உண்டு. ஆயின் அங்கே படகேறியவர் உப்பங்கழியைச் சுற்றி மீண்டும் ஏறிய துறையிலேயே இறங்குகின்றார். அது விளையாட்டு, செலவன்று. கேரளத்தில் கொல்லம் முதல் கோட்டப்புரம் வரையுள்ள நீர்வழி 1993-இலேயே தேசிய நீர்வழியாயிற்று. அந்நாட்டில் அரசாங்கப் படகேறி மாணவர் பள்ளிக்கும் பணியாளர் தொழிலுக்கும் செல்கின்றனர். நாமும் அவ்வாறு செய்யலாம். மூன்றாவது, படகோட்டும் தொழிலைக் கரைவாழ் மக்களுக்கே முதலில் வழங்குதல்.

இரண்டாவதை யான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மக்கள் செல்லாத வழி குப்பைமேடாகும். செல்லும் வழி தூய்மை பெறும். தான் நாளை படகேறப் போகும் நீரில் எவனும் இன்று குப்பை கொட்ட நாணுவான். ஆயிரம் அறிவிப்புப் பலகை செய்யாத காவலை ஒரு படகு செய்யும். நம் கண்ணெதிரிலேயே இதற்குச் சான்று உண்டு. தைப்பூச நாளில் மதுரை மக்கள் வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தெப்பத்தை வடம்பிடித்து இழுக்கின்றனர். ஆதலால் 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய அக்குளம் இன்றும் குளமாக இருக்கின்றது. ஊருக்குள் ஓடிய கிருதுமால் நதியிலோ யாரும் தெப்பம் இழுத்திலர், அது சாக்கடையாயிற்று. நமக்கு அணித்தே செல்லூர் வழியாக வைகையிற் கலக்கும் பந்தல்குடிக் கால்வாயும் அந்நெறியிலேயே செல்கின்றது.

ஆதலின் மாணவ நண்பர்களே, சென்னையிற் பொறியியலும் ஆட்சியும் நடத்தும் நம் பழைய மாணவப் பெருமக்களே, இதனை உங்கள் முன் வைக்கின்றேன். பக்கிங்காம் கால்வாயை மீட்க வல்லார் உங்களுட் பலர் உளர். அவர்கள் கூட்டங்களிற் பேசுக, ஏடுகளில் எழுதுக. இங்குள்ள நாம் பந்தல்குடிக் கால்வாயில் ஒரு காகிதமும் எறியாதிருக்கப் பழகுவோம். எறிவாரைக் கண்டால் இன்சொல்லால் தடுப்போம். அம்பியும் பஃறியும் தேர்வுத்தாளில் வினாவாக மட்டும் நில்லாது, நீரின்மேல் மீண்டும் மிதக்கும் நாள் வருக!