பக்கவிளைவு இல்லைன்னு யாருய்யா சொன்னது?

மக்களே, கொஞ்சம் கோவத்தோடதான் இந்தப் பதிவு.

எங்க சித்தப்பா சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டார். 'நித்தியகல்யாணி இலையை அரைச்சுக் குடிங்க, இயற்கை, பக்கவிளைவே கிடையாது'ன்னு செல்போன்ல யாரோ அனுப்பினாங்களாம். காரைக்கால்ல அந்தச் செடிக்கா பஞ்சம்? தண்ணி ஊத்தாமலே மணல்ல பூக்கும். சுடுகாட்டுப்பூன்னே ஒரு பேரு உண்டு. மூணே வாரம். சர்க்கரை 400-ஐத் தாண்டி ஆஸ்பத்திரியில படுத்தார்.

அனுப்பின புண்ணியவானுக்கு ஒரு கதை. ஜமைக்காவுலயும் இதே இலையைச் சர்க்கரைக்குக் கஷாயம் வச்சுக் குடிச்சாங்க. 1950-களில் கனடாவுல ராபர்ட் நோபிள், சார்லஸ் பியர்னு ரெண்டு ஆய்வாளர்கள் அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. வாய்வழியா கொடுத்தப்போ சர்க்கரை அசையவே இல்லை. ஊசியில ஏத்தினப்போ எலிங்க கிருமி தொத்திச் செத்துச்சு. காரணம், வெள்ளணு சரிஞ்சுபோச்சு. அப்பதான் பொறி தட்டுச்சு: வெள்ளணுவைக் குறைக்குதுன்னா ரத்தப் புற்றுக்கு ஆகுமே! வின்பிளாஸ்டின் கிடைச்சது, பின்னாடியே வின்கிறிஸ்டின். குழந்தைகளோட ரத்தப் புற்றுக்கு இன்னிக்கும் அதைத்தான் ஏத்துறாங்க. ஆக, இல்லவே இல்லைன்னு நீங்க சொல்ற பக்கவிளைவுதான்யா அந்த மருந்தே!

நூற்றுக்கணக்கான கிலோ காய்ஞ்ச இலையிலேர்ந்து ஒரு கிராம் தேறும். வின்கிறிஸ்டின் பெரியவங்களுக்கே ஒரு தடவைக்கு வழக்கமா 2 மில்லிகிராமைத் தாண்டாது. தாண்டினா நரம்பு போயிடும். உங்க வீட்டு அம்மியில மில்லிகிராம் கோடு எந்தப் பக்கம் போட்டிருக்கு?

இங்கேர்ந்து தெற்கே, வேதாரண்யம் பக்கம் பயிராகுற கண்வலிக்கிழங்கு கதையும் இதேதான். அதான், தமிழ்நாட்டோட மாநிலப் பூவான செங்காந்தள். விதையிலேர்ந்து எடுக்குற கோல்கிசின், அரை மில்லிகிராம் மாத்திரையா இருந்தா யூரிக் அமில மூட்டுவலிக்கு மருந்து. அதே கோல்கிசின் இருக்குற கிழங்கு ஆளையே கொல்லும்.

உடனே சித்த மருத்துவத்தைத் திட்டுறேன்னு கிளம்பிடாதீங்க. எட்டிக்கொட்டையைச் சுத்தி செய்யாம மருந்துல சேர்க்காதேன்னு சொன்னதே அவங்கதான். விஷம்னு தெரிஞ்சு, பயந்து கையாண்டாங்க. நீங்க? விரலால ஒரு தட்டு தட்டி அனுப்பிட்டுத் தூங்கப் போயிட்டீங்க.

சித்தப்பா வீடு திரும்பிட்டார். வாசல்ல இருந்த செடியைச் சித்தி பிடுங்கப் போனாங்க. வேணாம் சித்தி, அது என்ன பண்ணும் பாவம்னு தடுத்துட்டேன். பிடுங்க வேண்டியது அந்த 'பக்கவிளைவே கிடையாது'ங்கிற வரியை.

டிஸ்கி: டாக்டரைக் கேக்காம மாத்திரையை நிறுத்தாதீங்க சாமிகளா. உங்களுக்கும் ஒரு சித்தப்பா இருப்பார், அவர்கிட்டயும் சொல்லி வைங்க.