நித்திரை தொலைத்த முதுமையும் விழித்திருக்கும் வீடுகளும்

“அப்புவுக்கு இரவில் நித்திரை இல்லை, எங்களுக்கும் இல்லை.” டிமென்சியா எனப்படும் மறதி நோய்க்கு ஆளான முதியவர்களைப் பராமரிக்கும் குடும்பங்களிடமிருந்து நாம் கேட்கும் முறைப்பாடு இது. விடிந்துவிட்டதெனக் கருதி நள்ளிரவில் முகங்கழுவச் செல்வோரும், இருக்கும் வீட்டைத் தமது வீடல்லவென்று எண்ணிப் படலையைத் திறக்க முனைவோரும் உளர். திறந்த கிணறு உள்ள வளவுகளில் இது உயிராபத்தான விடயமாகும்.

இலங்கையின் சனத்தொகையில் 60 வயதைக் கடந்தோர் 2012ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் 12.4 சதவீதமாக இருந்தனர். அதன் பின்னர் முதியோரின் விகிதம் மேலும் உயர்ந்துள்ளது. யுத்தமும் புலப்பெயர்வும் பிள்ளைகளைத் தூர தேசங்களுக்கு அனுப்பிவிட்ட குடாநாட்டில், நோயாளியைப் பராமரிப்பவரும் பெரும்பாலும் இன்னொரு முதியவரே. அவரும் உறக்கமின்றித் தளரும்போது கை தேடிச் செல்வது நித்திரை மாத்திரையையே. இதனை எவரும் குறை கூற முடியாது. ஆயினும் அதன் விளைவுகளை அறிந்திருத்தல் அவசியம்.

நித்திரை மாத்திரைகள் மறதி நோயாளரின் தடுமாற்றத்தை அதிகரிப்பதுடன், இரவில் விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கும் வழிகோலுகின்றன. கடும் உளநோய்களுக்குரிய மருந்துகளை இந்நோயாளருக்கு வழங்குவது மரண அபாயத்தை ஏறத்தாழ 1.6 முதல் 1.7 மடங்காக்குகின்றது என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2005ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. அதேவேளை, ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்தை வைத்தியரின் ஆலோசனையின்றி திடீரென நிறுத்துவதும் ஆபத்தானதே.

அவ்வாறாயின் வழி என்ன? இரவின் நித்திரை பகலிலேயே தீர்மானிக்கப்படுகின்றது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். இரவையும் பகலையும் பிரித்தறியும் மூளையின் கடிகாரத்தை இந்நோய் பழுதாக்குகின்றது. அக்கடிகாரத்தைச் சீராக்குவதில் முதன்மையானது சூரிய ஒளி. எமது மண்ணில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நோயாளியோ இருண்ட அறையில், சாய்மனைக் கதிரையில் நாள் முழுவதும் கண்ணயர்ந்து கிடக்கின்றார். அவரைக் காலையில் முற்றத்தில் அமர்த்துவதும், ஒழுங்கைவரை நடத்திச் செல்வதும், கீரை ஆய்தல், பூப்பறித்தல் போன்ற பழகிய வேலைகளில் ஈடுபடுத்துவதும், பகல் உறக்கத்தைச் சுருக்குவதும், மாலைக்குப் பின்னர் தேநீர், கோப்பியைத் தவிர்ப்பதும் செலவற்ற வைத்தியங்களாகும். மூட்டுவலி, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவையே அவரை எழுப்புகின்றனவா என்பதை வைத்தியரிடம் கேட்டறியவும் வேண்டும். எழுந்துவிட்டவருடன் தர்க்கிப்பதில் பயனில்லை. மங்கிய வெளிச்சமும் ஆறுதலான குரலுமே அவரைப் படுக்கைக்கு மீட்கும்.

இவை வெறும் வீட்டு வைத்தியக் குறிப்புகள் அல்ல. பகலொளி, உடற்பயிற்சி, நோயாளிக்கேற்ற செயற்பாடுகள் ஆகியன அடங்கிய அணுகுமுறையையே பிரித்தானியாவின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டல்கள் பரிந்துரைக்கின்றன. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 377 நோயாளரையும் அவர்தம் பராமரிப்பாளரையும் கொண்டு நடத்தி 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பராமரிப்பாளருக்கு ஆறு அமர்வுகளில் இம்முறைகளைக் கற்பித்ததன் பயன், எட்டு மாதங்களின் பின்னரும் நோயாளரின் உறக்கத்தில் தெரிந்தது. எல்லா ஆய்வுகளும் இத்தகைய உறுதியான முடிவைத் தரவில்லை என்பதும் உண்மையே. ஆயினும், தீங்கற்ற வழியை முதலில் முயன்று பார்ப்பதே அறிவுடைமையாகும்.

அந்த ஆய்வில் எமது கவனத்துக்குரியது இன்னொன்று உண்டு. பயிற்சியை வழங்கியவர்கள் வைத்தியர்கள் அல்லர். மேற்பார்வையின் கீழ் பணியாற்றிய பட்டதாரிகள். குடாநாட்டுக்கு இது புதியதுமன்று. யுத்த காலத்தில் உளநல வைத்தியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாக இருந்தபோது, பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் ஆசிரியர்களுக்கும் கிராமமட்டப் பணியாளர்களுக்கும் பயிற்சியளித்து உளநலப் பணியை ஊர்களுக்கு எடுத்துச் சென்றனர். அதே வழியில், பிரதேச செயலகங்களில் கடமையாற்றும் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர்களுக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் இப்பயிற்சியை வழங்க மாகாண சுகாதாரத் திணைக்களமும் யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடமும் முன்வர வேண்டும்.

புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கும் இதிற் பங்குண்டு. கனடாவில் இரவாகும் வேளை இங்கு காலை. அவ்வேளையில் வரும் தொலைபேசி அழைப்பு, தாயையோ தந்தையையோ பகலோடு பிணைக்கும் ஒரு கயிறாகும். அனுப்பும் பணத்தில் ஒரு பகுதி, வாரத்தில் இரு இரவுகளேனும் உதவிக்கு ஒருவரை அமர்த்தப் பயன்படுமாயின், பராமரிப்பவரும் கண்ணயர முடியும். எத்தனை முறைகளைக் கற்பித்தாலும் அவற்றைக் கைக்கொள்ள வேண்டியவர் அவரே. அவர் உறங்காத வீட்டில் எந்த வைத்தியமும் நிலைக்காது.