இளையோரின் மனச்சாட்சியும் மத நம்பிக்கையும்

மதப்பற்றுடன் வளரும் இளைஞர்கள் கருக்கலைப்பையும் கருணைக்கொலையையும் ஒருசேர எதிர்ப்பர் என்பதே பொதுவான எண்ணமாகும். அயர்லாந்தின் அனுபவம் இதனை மீள்பரிசீலனை செய்ய வைக்கின்றது.

2016ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அந்நாட்டு மக்களில் 78 சதவீதமானோர் கத்தோலிக்கர்கள். இருந்தும், 1983இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட கருக்கலைப்புத் தடையை நீக்குவதற்கு 2018 மே மாத சர்வசன வாக்கெடுப்பில் 66.4 சதவீதமானோர் ஆதரவளித்தனர். 65 வயதைக் கடந்தோரில் பெரும்பாலானோர் எதிர்த்தனர். 25 வயதுக்குட்பட்டோரில் மிகப் பெரும்பான்மையினர் ஆதரித்தனர். கருச்சிதைவு தவிர்க்க முடியாதெனத் தெரிந்த பின்னரும் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, 2012இல் உயிரிழந்த சவிதா ஹலப்பனவரின் கதி பலரது மனச்சாட்சியை உலுக்கியிருந்தது.

இதனை மத நிராகரிப்பாக மட்டும் கொள்ளலாகாது. ஒன்றைப் பாவமெனக் கருதுவது வேறு, அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்குவது வேறு. கருணைக்கொலை அங்கு இன்றும் சட்டவிரோதமே என்பதும் கவனிக்கத்தக்கது.

எமது நாட்டில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. பாலியல் வல்லுறவுக்கு உள்ளானோருக்கு விலக்களிக்கும் 2017ஆம் ஆண்டின் யோசனை மதத் தரப்புகளின் எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. ஆனால் மதங்களுக்குள்ளும் ஒரே குரல் இல்லை. கரு 120 நாட்களை எட்டுவதற்கு முன்னரான நிலை குறித்து இஸ்லாமியச் சட்ட அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு நிலவுகின்றது. இந்த விவாதங்களை இளையோரிடமிருந்து மறைப்பது நம்பிக்கையை வளர்க்காது. விளங்கி ஏற்ற நம்பிக்கையே சோதனை வேளையில் துணைநிற்கும்.