தாத்தாவுக்கு யார் காசு அனுப்புவது?

சீனர்களின் ஏழாம் மாதம் வந்தால், உட்லண்ட்ஸில் எங்கள் புளோக்கின் கீழே தொட்டிகளில் காகிதப் பணம் எரியும். இறந்தவர்களின் மறுவுலகச் செலவுக்கு. போன ஆண்டு அதைப் பார்த்த என் அக்கா மகள், “சித்தி, நம்ம தாத்தாவுக்கு யாரு காசு அனுப்புவாங்க?” என்றாள். ஏழு வயது.

ஆடி அமாவாசைக்கு மாமா எள்ளும் தண்ணீரும் விட்டாரே, அதுதான் என்றேன். ஏழாம் மாதமும் பல ஆண்டுகளில் அந்த அமாவாசையை ஒட்டித்தான் பிறக்கிறது. அதில் சமாதானமாகிவிட்டாள். அடுத்த கேள்விதான் சிக்கல். நரகம் என்றால் அணையவே அணையாத நெருப்பு என்று பள்ளித் தோழி சொன்னாளாம். தாத்தா கோபக்காரர் ஆயிற்றே, அங்கே போயிருப்பாரோ?

தாத்தா எங்கே என்று எனக்குத் தெரியாது. ஆனால் ‘நரகம்’ என்ற சொல்லுக்குள் பல இடங்கள் இருப்பது தெரியும். பைபிளின் பழைய ஏற்பாட்டில் வரும் ‘ஷியோல்’, தமிழில் பாதாளம். நல்லவரும் கெட்டவரும் சேர்ந்தே இறங்கும் இருண்ட, ஓசையற்ற இடம். இயேசு எச்சரித்த ‘கெஹென்னா’வோ எருசலேமை ஒட்டிய இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர். பிள்ளைகளை நெருப்பில் பலியிட்ட இடம் என்று பழைய ஏற்பாடு அதைச் சபிக்கிறது. மொழிபெயர்த்தவர்கள் அதற்கு ‘நரகம்’ என்று போட்டார்கள்.

அந்தச் சொல் ஏற்கெனவே நம்மிடம் புழங்கியதுதான். ஆனால் இந்து, சமண, பௌத்த மரபுகளில் நரகத்துக்குத் தவணை உண்டு. வினை தீர்ந்தால் வெளியே வரலாம். வள்ளுவர் நரகத்தை ‘அளறு’ என்கிறார். அளறு என்றால் சேறு. ஆக, ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு சிறுமிகள் இரண்டு வேறு இடங்களைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு நரகத்தைக் காட்டிப் பயமுறுத்துவது எனக்குப் பிடிக்காது. பாசிர் பாஞ்சாங்கில் ஹா பார் வில்லா அந்த வேலையைத் தலைமுறைகளாகச் செய்திருக்கிறது. டைகர் பாம் தைலப் புகழ் ஆவ் பூன் ஹா 1937ல் தம் தம்பிக்காகக் கட்டிய இடம். அங்குள்ள நரகத்தின் பத்து நீதிமன்றங்கள் 2021 முதல் அருங்காட்சியகத்தின் பகுதி. நாக்கைப் பிடுங்கும் சிலையைப் பார்த்த பிள்ளைக்கு அன்றிரவு தூக்கம் வருவது சந்தேகம்தான்.

ஆனால் பத்தாவது நீதிமன்றத்தில் சித்திரவதை இல்லை. தண்டனை முடிந்தவர்கள் பாட்டி ஒருத்தி தரும் பானத்தைக் குடித்து, பழையதை மறந்து, மறுபடி பிறக்கப் போகிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் பாதியில் திரும்பாமல் அதுவரை நடந்துவிடுங்கள்.