அம்மாபேட்டைத் தறிகள்

2024-ஆம் வருஷம் ஜனவரி 7, 8 தேதிகளில் சென்னையில் கூடிய உலக முதலீட்டாளர் மகாநாட்டில் 6.64 லக்ஷம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தங்கள் ஆயின என்றும், அவற்றால் நேராகவும் மறைமுகமாகவும் சுமார் 26.9 லக்ஷம் பேருக்கு வேலை கிடைக்குமென்றும் தமிழ்நாட்டுச் சர்க்கார் அறிவித்தனர். இம்முயற்சியை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால், வரப்போகும் வேலையை எண்ணி மகிழும்போது, இருக்கும் வேலை நழுவிப் போவதைக் கவனியாதிருத்தல் தகுமா?

சேலம் அம்மாபேட்டையைப் பாருங்கள். வெண்பட்டு வேஷ்டிக்குப் பெயர்போன சேலத்து நெசவாளருக்கு வேண்டுவது புதிய வாக்குறுதியன்று; உள்ள சட்டம் அமலில் வருவதேயாம். 1985-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ், புடவை, வேஷ்டி முதலிய 11 இனங்கள் குறிப்பிட்ட விதிகளுக்குட்பட்டுக் கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. விசைத்தறித் துணி கைத்தறியென்ற பெயரால் விலையாகுமிடத்தில், அச்சட்டம் ஏட்டுச் சுரைக்காயே.

சுற்றுலாவுக்கும் தொழில் அந்தஸ்து அளித்து 2023-ல் சர்க்கார் கொள்கை வெளியிட்டனர். நன்று. ஏற்காட்டின் குளிர்ச்சியை நாடிச் சேலம் வழியே மலையேறும் பிரயாணிகள், அடிவாரத்து நகரின் தறிகளைக் காணாமலே திரும்புவானேன்? அவர்களை அம்மாபேட்டைக்கு அழைத்து, கூட்டுறவுச் சங்கங்களின் மூலம் நெசவாளரின் சரக்கை நேரே வாங்கச் செய்வதற்குக் கோடிகள் வேண்டா. மனம் இருந்தால் போதும்.

1905 ஆகஸ்டு 7-ல் கல்கத்தாவில் எழுந்த சுதேசிக் கிளர்ச்சியின் ஞாபகார்த்தமாக, 2015 முதல் அத்தினம் தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடப்படுகிறது. மாலையும் பிரசங்கமும் தறியை ஓட்டா. தேசத்தொண்டர்களே! வேஷ்டி வாங்குமுன், அது கைத்தறிதானா என்று கடைக்காரரைக் கேளுங்கள். சட்டம் எங்கே என்று சர்க்காரைக் கேளுங்கள்.