இலவச மென்பொருளுக்கும் கூலி உண்டு

பதுளை நகரிலும் பசறை, லுணுகலை, வெலிமடைப் பக்கங்களிலும் எமது வர்த்தகர்கள் பலரது கடைகளுக்குக் கணனி வந்துவிட்டது. ஆனால் அதிலுள்ள மைக்ரோசொப்ட் ஒபிஸ் காசு கொடுத்து வாங்கியதா என்று கேட்டால் சிரிக்கிறார்கள். "எல்லாருந்தானே பாவிக்கிறாங்க நானா" என்பதுதான் பதில்.

நிறுவையில் நூறு கிராம் குறைந்தால் மறுமையை அஞ்சுகின்ற நாம், இதை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை. பதிப்புரிமை ஷரீஆவில் பாதுகாக்கப்பட்ட உரிமை, அதில் அத்துமீறக் கூடாது என்று சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1988இல் குவைத் அமர்வில் தீர்மானித்தது. எமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் மென்பொருளைப் பாதுகாக்கிறது.

மாற்றுவழி இல்லாமலும் இல்லை. 2000ஆம் ஆண்டு சன் நிறுவனம் திறந்துவிட்ட ஓபன் ஒபிஸ் இருக்கிறது. அதிலிருந்து 2010இல் பிரிந்த லிப்ரே ஒபிஸ் இருக்கிறது. இரண்டும் இலவசம். கடிதம், விலைப்பட்டியல் எல்லாம் தடையின்றி ஓடும். சிக்கல் வருவது கடன் கொப்பியில்தான். தோட்ட மக்களை நம்பிய கடைக்கு அதுவே உயிர். பெயர், தோட்டம், டிவிஷன், பாக்கி என்று பதிந்து வைக்க, அந்தத் தொகுப்பில் பேஸ் என்ற பகுதி உண்டு. அது வழமையான முறையில் இயங்க ஜாவா தேவை. விண்டோஸில் ஜாவா கூடவே வருவதில்லை, தனியாக நிறுவ வேண்டும். நிறுவாவிட்டால் கணக்கு திறக்காது. "ஓசிச் சாமான் இப்படித்தான்" என்று சொல்லி, மறுநாளே பழைய திருட்டு இறுவட்டு கணனிக்குள் போய்விடுகிறது. குறை மென்பொருளிலா, நிறுவியவரிலா என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சன் நிறுவனத்தை 2010இல் வாங்கிய ஒரக்கிள், 2019 ஏப்ரல் முதல் ஜாவா 8இன் புதிய வெளியீடுகளை வர்த்தகத்தில் பாவிக்கக் கட்டணம் கேட்கிறது. வீட்டுக்கு இலவசம், கடைக்கு அல்ல. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு அதைத் தரவிறக்கினால், ஒரு ஹக்கிலிருந்து தப்பி இன்னொன்றில் மாட்டுவோம். ஓபன் ஜேடிகே என்ற திறந்த வடிவம் உண்டு. அடொப்டியம் திட்டம் வெளியிடும் டெமுரின் அதில் ஒன்று. கடைக்கும் இலவசம்.

நிறுவும்போது அளவு பொருந்த வேண்டும். 64 பிட் லிப்ரே ஒபிஸுக்கு 64 பிட் ஜாவா. விண்டோஸுக்கான அப்பாச்சி ஓபன் ஒபிஸ் 32 பிட் என்பதால், கணனி எதுவானாலும் 32 பிட் ஜாவாதான் வேண்டும். பெரும்பாலும் கோளாறு இங்கேதான். பிறகு டூல்ஸ், ஒப்ஷன்ஸ் வழியே லிப்ரே ஒபிஸின் அட்வான்ஸ்ட் பக்கத்தில் அந்த ஜாவாவைத் தெரிவுசெய்தால் போதும்.

இது அரைமணி நேர வேலை. அந்த அரைமணிக்குக் கூலி கொடுக்க எமது முதலாளிமார் தயங்குகிறார்கள் என்பதே என் குறை. மென்பொருள் இலவசம் என்றால் நிறுவுகின்ற பிள்ளையின் உழைப்பும் இலவசம் என்று அர்த்தமல்ல. கணனி படித்துவிட்டுக் கொழும்புக்குப் போகக் காத்திருக்கும் பதுளை இளைஞர்களுக்கு இது ஒரு ஹலாலான தொழில். பள்ளிவாசல் காரியாலயத்திலிருந்தே தொடங்கலாம். சந்தாக் கணக்கு இருக்கும் கணனியில் என்ன ஒபிஸ் ஓடுகிறது என்று நிர்வாகிகள் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.