ஜனாஸா விவகாரம் கற்றுத்தந்த இன்னொரு பாடம்

கொவிட் காலத்தில் எமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டதை இனவாதம் என்ற ஒரே சொல்லில் பேசி முடித்துவிடுகிறோம். இனவாதம் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் அது விஞ்ஞானத்தின் பெயரைப் போர்த்திக்கொண்டு வந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே அடக்கம் செய்வதற்கும் இடமளித்திருந்தது. இருந்தும் ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் மாசுபடும் என்பதே சொல்லப்பட்ட காரணம். உலகறிந்த இலங்கை வைரஸியல் நிபுணர் பேராசிரியர் மலிக் பீரிஸ் அந்த அச்சத்துக்கு அடிப்படையில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். மருத்துவ சங்கங்களும் பின்னர் அதையே சொல்லின. ஆயினும் 2021 பெப்ரவரி 25 வரை, பத்தரை மாதங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது 2024 ஜூலையில்தான்.

உண்மை நிபுணர்களிடம் இருந்தது, அதிகாரம் அரசியல்வாதிகளிடம் இருந்தது. இடையில் நம்பிக்கையான பாதை இல்லை.

இது எமது சமூகத்தின் பிரச்சினை மட்டுமல்ல. கேகாலை மாவட்டத்தில் வாழும் எமக்கு 2016 மே 17 அரநாயக்க மண்சரிவு நினைவிருக்கிறது. நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். அதற்கு முன் 2014இல் மண்ணுக்குள் புதைந்த மீரியபெத்த தோட்டம் குறித்து, 2005, 2011 ஆகிய ஆண்டுகளிலேயே தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. அறிக்கை இருந்தும் மக்களுக்கு மாற்றிடம் கிடைக்கவில்லை.

அறிக்கையைக் கையளித்ததோடு விஞ்ஞானியின் கடமை முடிவதில்லை. அனர்த்தம் வருமுன்பே உறவு தொடங்க வேண்டும். மாவட்ட, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக்களில் பாராளுமன்ற உறுப்பினர்கள் அமர்கிறார்கள். பாராளுமன்றத்தில் துறைசார் மேற்பார்வைக் குழுக்கள் உள்ளன. அங்கெல்லாம் இரண்டு பக்கச் சுருக்கத்தை மூன்று மொழிகளிலும் கொண்டுசெல்லலாம். தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பார்க்காமல் இரு தரப்புடனும் பேச வேண்டும்.

தனிநபர் நட்பு மட்டும் போதாது. 2024 நவம்பர் தேர்தலில் பழைய உறுப்பினர்களில் பெரும்பாலானோர் போய் புதுமுகங்கள் வந்துவிட்டனர். அதனால் உறவு நிறுவனங்களுக்கிடையே இருக்க வேண்டும். பிரித்தானியப் பாராளுமன்றம் 1989 முதல், உறுப்பினர்களுக்குப் பக்கச்சார்பற்ற விளக்கக் குறிப்புகள் தரும் விஞ்ஞான அலுவலகமொன்றை நடத்தி வருகிறது. இங்கும் அப்படியொன்றைக் கேட்பது நியாயமான கோரிக்கையே.

எமது சமூகத்திலும் மருத்துவர்கள், பொறியியலாளர்கள், விரிவுரையாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஜனாஸா வாசலுக்கு வந்த பிறகு உறுப்பினரைத் தேடி ஓடுவதை விட, சாதாரண நாட்களில் நீர், மண், சுகாதாரம் பற்றி அவரிடம் பேசிப் பழகுவது பயன் தரும். அப்படிப் பேசுபவர் முஸ்லிம்களுக்காக மட்டும் பேசாமல் லயன் அறையில் வாழும் குடும்பத்துக்காகவும் பேசினால், அவரது சொல்லுக்கு நாளை எடை கூடும்.